பட்டியலில் இல்லாத ஆட்டம்

“கண்ணாடியை உடைச்சு, கையைக் கிழிச்சுக்கிட்டு, போற வழியெல்லாம் ரத்தத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு. இவ்வளவு நேர்மையான திருடனை நான் பார்த்ததே இல்லை பாஸ்.”

ஸெங்கா தரையில் காய்ந்து கிடந்த கறைகளைத் தாண்டித் தாண்டி நடந்தாள். லிப்னிட்சா கால்பந்து கிளப்பின் பரிசு அறை அது. போரில் போன கூரைக்குப் பதிலாகப் போட்ட தகரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய முதலாளி ரெஃபிக் தானோவிச் குனிந்து நின்றார். உடைந்த கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விரித்திருந்த துணி முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. நடுவில் மட்டும், வெளிச்சம் படாமல் இருந்த இடத்தில், ஒரு சட்டையின் வடிவம் கருப்பாக மிச்சம் இருந்தது.

வழக்கு சின்னதுதான். போன வாரம் வின்கோ தோமாஷ் என்ற எழுபத்தைந்து வயதுக்காரர் இந்த அறைக்குள் நுழைந்து, பெட்டியை உடைத்து, பழைய யூகோஸ்லாவியத் தேசிய அணியின் நீலச் சட்டையை எடுத்து, அங்கேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டார். “இது என்னோடது. நான் நாட்டுக்கு ஆடியிருக்கேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் நாட்டுக்கு ஆடியதாக எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆடாத ஆட்டத்தை ஆடினேன் என்று சாதிக்கிறவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொடுக்க, இன்று மாலை நான்கு மணிக்கு நீதிமன்றம் ஒரு டாக்டரை அனுப்புகிறது. சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனநல விடுதிதான். அங்கே போய்த் திரும்பி வந்தவர் யாரையும் ரெஃபிக்குக்குத் தெரியாது.

பெரியவரின் மகள் தின்கா காலையில் ரெஃபிக்கின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து சொன்னாள்: “எங்கப்பா ஒண்ணு பொய்யரு, இல்லேன்னா பைத்தியம்னு ஊரே சொல்லுது. மூணாவதா ஒண்ணு இருந்தா கண்டுபிடிச்சுக் குடுங்க.”

கதவருகே இருமல் கேட்டது. புகார் கொடுத்த புதிமிர், கிளப்பின் செயலாளர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தடித்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் சிறுத்துத் தெரிந்தன.

“வாங்க இன்ஸ்பெக்டர்.”

“இப்ப இன்ஸ்பெக்டர் இல்லைங்க. அந்த வேலை குடுத்த நாடே இல்லையே.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.” புதிமிர் அலமாரியைக் காட்டினார். அதில் வரிசையாக அட்டைக் கட்டுகள். “யூகோஸ்லாவியா ஆடின எல்லா ஆட்டமும் இங்க இருக்கு. இருபது வருஷமாச் சேர்க்கிறேன். நாட்டைப் பிரிச்சாங்க, ரயிலைப் பிரிச்சாங்க, தூதரகத்து நாற்காலியைக்கூடப் பிரிச்சுக்கிட்டாங்க. இதை மட்டும் பிரிக்க முடியலை. யார் ஆடினான், யாரு கோல் போட்டான், யாருக்குப் பதிலா யார் இறங்கினான். ஸாக்ரெப்ல இருக்கிறவனும் ஒத்துக்கறான், பெல்கிரேட்ல இருக்கிறவனும் ஒத்துக்கறான். அந்த நாட்டைப் பத்தி சண்டையில்லாம மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதுல போய் ஒரு கிழவரோட ஆசைக்காக ஒரு வரி சேர்க்கச் சொல்றாங்க.”

“ஒரு வரிதானே சார்?” என்றாள் ஸெங்கா.

“ஒரு வரி பொய்யா இருந்தா மத்த வரியை எவன் நம்புவான்?”

ரெஃபிக் அவரைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

“அவர் சொல்ற ஆட்டம் நடக்கவே இல்லையா?”

“நடந்துச்சு. அதை நான் மறுக்கலையே! இந்த மைதானத்துத் திறப்பு விழா. அப்ப எனக்கு அஞ்சு வயசு, எங்கப்பா தோள்ல உக்காந்து பார்த்தேன். தேசிய அணி வந்துச்சு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு டீமோட ஆடினாங்க. வின்கோ உள்ளூர்ப் பையன், அவரையும் கடைசியில இறக்கிவிட்டிருக்கலாம். ஆனா அது பயிற்சி ஆட்டம். நம்மாளுங்களே ரெண்டாப் பிரிஞ்சு ஆடினது. அந்த வாரத்துப் பேப்பர்லயும் அப்படித்தான் போட்டிருக்கு.”

“பேப்பரை விடுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தேசிய கீதம் ஒரு தடவைதான் வாசிச்சாங்க. வேற நாட்டு டீம் வந்திருந்தா ரெண்டு கீதம் வேணுமே? அதோட இன்னொண்ணு.” புதிமிர் விரலை உயர்த்தினார். வகுப்பில் நிற்கிற பழக்கம் விடவில்லை. “பாவ்லிக் மாஸ்டரோட பேண்டு நம்ம கீதத்தை வாசிச்சப்ப, அந்த வெள்ளைச் சட்டைக்காரங்களும் சேர்ந்து பாடினாங்க. என் கண்ணால பார்த்தேன். வேத்து நாட்டுக்காரன் நம்ம பாட்டைப் பாடுவானா?”

“நல்லாப் பாடினாங்களா?”

எதிர்பாராத கேள்வி. புதிமிர் சிரித்துவிட்டார். “படு மோசம். அவசர அவசரமாப் பாடி, பேண்டு பாதியில இருக்கும்போதே முடிச்சுட்டு நின்னாங்க. மைதானமே சிரிச்சுச்சு. எங்கப்பா சிரிச்ச சிரிப்புல தோள் குலுங்கி நான் விழப் பார்த்தேன்.” பிறகு முகம் மாறியது. “அன்னிக்கு ஆடினவங்கள்ல இப்ப இருக்கிறது வின்கோ மட்டும்தான். அவரையே போய்க் கேளுங்க, எந்த நாட்டோட ஆடினீங்கன்னு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாட்டைச் சொல்வாரு. நாலு மணிக்கு நானும் அங்க வருவேன். எனக்கும் இதுல சந்தோஷம் இல்லை இன்ஸ்பெக்டர்.”

*

வின்கோ அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பளிச் சட்டைக்கு மேல் அந்த நீலச் சட்டை. கையில் கட்டு. வீட்டுச் செருப்பைக்கூடத் துடைத்து மாட்டியிருந்தார். எங்கோ கிளம்பத் தயாராக இருக்கிற ஆள் மாதிரி இருந்தது.

தின்கா அவர்களை உட்கார வைத்தாள். வின்கோவின் மனைவி லுத்மிலா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. ரெஃபிக்கின் முகத்தை அவள் ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை. அவர் காலணியைத்தான் பார்த்தாள்.

“உனக்குக் கால்பந்து தெரியுமாம்மா?” என்றார் வின்கோ, ஸெங்காவிடம்.

“பந்து உருண்டையா இருக்கும்னு தெரியும் மாமா.”

“போதும். எங்க டீம்ல பாதிப் பேருக்கு அதுவே தெரியாது.”

“நீங்க கோல் போட்டீங்களா?”

“கோலா? எனக்குப் பந்து வந்ததே ரெண்டு தடவைதான். ஒண்ணைத் தவற விட்டுட்டேன்.”

“இன்னொண்ணு?”

“அதையும்தான்.”

ஸெங்கா சிரித்தாள். ரெஃபிக் சிரிக்கவில்லை. “யாரோட ஆடினீங்க?” என்று கேட்டார்.

பெரியவரின் பார்வை சமையல்கட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. “ருமேனியா.”

“அப்பா!” தின்கா தலையில் கை வைத்தாள். “போன வாரம் ஹங்கேரின்னீங்க!”

“அப்ப ஹங்கேரிதான்.”

“அதுக்கு முன்னால துருக்கி. பல்கேரியா. ஆஸ்திரியா. மாஜிஸ்ட்ரேட் கிட்ட செக்கோஸ்லோவாக்கியான்னு சொன்னாரு. இப்படியே டாக்டர் கிட்டயும் சொன்னாருன்னா...”

“வயசாச்சும்மா,” என்றார் வின்கோ சாந்தமாக. “மறந்து போகுது.”

அடுப்பில் விறகு வெடித்தது. ரெஃபிக் காத்திருந்தார். அவருடைய வேலையில் அவர் கற்றது இது ஒன்றுதான், காத்திருப்பது. பிறகு மெதுவாகக் கேட்டார்: “அன்னிக்குப் பேண்டு என்ன வாசிச்சாங்க?”

வின்கோ வாயைத் திறந்தார். அதற்குள் லுத்மிலா வந்துவிட்டாள். கையில் தட்டு, தட்டில் மறுபடியும் காப்பி. முதல் காப்பியே பாதிக் கோப்பை மிச்சம் இருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் புதிய கோப்பைகளை அவர்கள் முன்னால் வைத்தாள். அந்த வட்டாரத்து வீடுகளில் பேச்செல்லாம் முடிந்து, நேரமாகிவிட்டது என்று வாயால் சொல்ல முடியாதபோது வைக்கிற காப்பி அது. அதைக் குடித்த பிறகு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அறையில் எல்லோருக்கும் அது புரிந்தது. தின்காவின் முகம் சிவந்துவிட்டது. “அம்மா, என்னம்மா இது? இவங்க இப்பதான்...”

“குடிச்சுட்டுக் கிளம்பட்டும்,” என்றாள் லுத்மிலா. “மழை பெருசா வரப் போகுது.”

எழுந்தபோது ஸெங்கா அலமாரியின் மேல் குப்புறக் கிடந்த ஒரு படத்தைச் சும்மா நிமிர்த்தினாள். பேண்டுச் சீருடை போட்ட மீசைக்காரர் ஒருவர், கையில் சின்னக் கோலுடன்.

“எங்க தாத்தா,” என்றாள் தின்கா. “அம்மாவோட அப்பா. பாவ்லிக் மாஸ்டர். இது எப்பவும் நிமிர்ந்துதானே இருக்கும்? விழுந்திருக்கும் போல.”

“கண்ணாடி உடையலையே,” என்றாள் ஸெங்கா. “பதமா விழுந்திருக்கு.”

*

தெருமுனையில் புரெக் என்கிற இறைச்சி அடை விற்கிற கடையில் ஸெங்கா தட்டு நிறைய வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ரெஃபிக் தயிர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

“நான் இந்தத் தொழிலுக்கு வந்ததுலேருந்து கதவைச் சாத்தியிருக்காங்க, நாயை ஏவியிருக்காங்க. காப்பி குடுத்துத் துரத்தினது இதுதான் முதல் தடவை. அதுவும் நல்ல காப்பி.”

“பெரியவரைப் பத்தி என்ன நினைக்கிறே?”

“பொய்யர் இல்லை. பொய் சொல்றவன் ஒரு கோலாவது போட்டிருப்பான். தன் பொய்யிலயே பந்தைத் தவறவிடறவன் எவன் பாஸ்? அதுவும் ரெண்டு தடவை?”

ரெஃபிக் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளை வேலைக்கு வைத்திருப்பது இதற்காகத்தான். “சரி. அப்ப மறதியா?”

“இருக்கலாம். எங்க மாமா மாதிரி. அவருக்கு மறதி இல்லை, ஆனா கிட்டத்தட்ட அதே கேஸ். நாடு உடைஞ்சு ரெண்டு மூணு வருஷம் இருக்கும். மாமா டிவி முன்னால தூங்கிக்கிட்டிருக்காரு. திடீர்னு நம்ம பழைய கீதம் கேக்குது. மனுஷன் தூக்கத்துலேருந்து எழுந்து, உள்ளாடையோட விறைப்பா நின்னுட்டாரு! கண்ணுல தண்ணி. ‘வந்துட்டாங்க, நாடு திரும்ப வந்துடுச்சு, அடியே, ஓடிவா’ன்னு மாமியைக் கூப்பிடறாரு. மாமி கரண்டியோட வந்து பார்த்தா, போலந்துக்காரங்க வாலிபால் ஆடறாங்க. அவங்க கீதம் நம்ம மெட்டுதானே, கொஞ்சம் வேகமா இருக்கும், அவ்வளவுதான். மாமி சாகிற வரைக்கும் அவரை ‘போலந்து ராஜா’ன்னுதான் கூப்பிட்டா...”

அவள் நிறுத்தினாள். ரெஃபிக் குவளையை மேசையில் வைத்துவிட்டிருந்தார்.

“பாஸ்?”

ஸெங்காவுக்கு அந்த மௌனம் பழக்கம். ஒரு துண்டு புரெக்கை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். மெல்லுவது பாதியில் நின்றது.

“ஐயோ,” என்றாள்.

“ஆமா. வெள்ளைச் சட்டைக்காரங்க நம்ம பாட்டைப் பாடலை. அவங்க பாட்டை அவங்க பாடினாங்க. அவங்க வேகத்துல. அதனாலதான் பேண்டுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு.”

“அந்தக் கணக்கு வாத்தியாருக்கு ரெண்டும் ஒரே மெட்டுன்னு தெரியாதா என்ன?”

“தெரியும். அஞ்சு வயசுல பார்த்ததை அவர் அதுக்கப்புறம் எடுத்துப் பார்க்கவே இல்லை. ரெண்டு விஷயமும் ஒரே தலைக்குள்ள இவ்வளவு வருஷமா இருக்கு. ஒண்ணையொண்ணு சந்திக்கலை.” ரெஃபிக் மேசையில் விரலால் வட்டம் போட்டார். “இன்னொண்ணும் யோசி. பெரியவர் எந்தெந்த நாட்டையெல்லாம் சொன்னாரு?”

“ருமேனியா, ஹங்கேரி, துருக்கி... சுத்தியிருக்கிற எல்லா நாட்டையும்.”

“மறதிக்காரனா இருந்தா, இத்தனை தடவையில ஒரு தடவையாவது தப்பித் தவறிப் போலந்துன்னு வந்திருக்கணும். வரவே இல்லை. அவர் அந்தப் பேரை மறக்கலை ஸெங்கா. அதைச் சுத்திச் சுத்தி ஓடறாரு. பந்து தவறினாலும் தவறும், அந்தப் பேர் அவர் வாயிலேருந்து தவறாது.”

ஸெங்கா கடிகாரத்தைப் பார்த்தாள். “நாலு மணிக்குள்ள அந்தம்மாவைப் பேச வைக்கணும். நான் கேக்கட்டுமா?”

“வேண்டாம். நான் போறேன்.”

“நீங்க பேசாம உக்காந்து பயமுறுத்துவீங்க.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ரெஃபிக் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

*

வீட்டுக்குப் பின்னால், கொட்டகையில், லுத்மிலா இரும்புத் தகட்டின் மேல் சிவப்பு மிளகாய்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். குளிர்காலத்துக்கு அரைத்து வைக்கிற பெரிய கொழுத்த மிளகாய்கள். தோல் கருகும் வாசனை மழையோடு கலந்து கண்ணை எரித்தது. ரெஃபிக் கவிழ்த்து வைத்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“போலீஸ்காரங்க இப்படித்தான்,” என்றாள் கடைசியில். “வந்து உக்காந்துக்குவாங்க. பேச மாட்டாங்க. நாமளே சொல்லிடுவோம்னு தெரியும்.”

“போலந்தோட ஆடினாங்க,” என்றார் ரெஃபிக்.

அவள் கை நின்றது. தகட்டின் மேல் ஒரு மிளகாய் புகைந்து வெடித்தது.

“அவர் சொன்னாரா?”

“சொல்லலை. சொல்லவே இல்லை. அதனாலதான் தெரிஞ்சுது.”

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கரி படிந்த விரல்களை மடியில் துடைத்துக்கொண்டாள்.

“எங்கப்பா செக் நாட்டுக்காரர். அவருக்கு ரெண்டு கீதமும் தெரியும். விழாவுக்கு முன்னால என்கிட்ட சொன்னாரு, ‘ஒரே மெட்டு, அதை ரெண்டு தடவை வாசிச்சா ஜனங்க பேண்டு தப்புப் பண்ணிடுச்சுன்னு நினைப்பாங்க. ஒரே தடவை வாசிக்கிறேன், ரெண்டு டீமும் சேர்ந்து பாடட்டும், எவ்வளவு அழகா இருக்கும்’னு. குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாரு. நம்ம வேகத்துல வாசிச்சாரு. அவங்க அவங்க வேகத்துல பாடினாங்க. மைதானம் சிரிச்சுது. விருந்தாளி நாட்டுப் பெரிய மனுஷங்க மேடையிலேருந்து எழுந்து போயிட்டாங்க.”

“எந்த வருஷம்னு எனக்குப் புரியுது,” என்றார் ரெஃபிக். சண்டை போட்டுச் சில வருடம் விலகியிருந்த ரஷ்யாவோடும், போலந்து மாதிரி அதன் கூட்டாளிகளோடும் அப்போதுதான் பேச்சுவார்த்தை திரும்ப ஆரம்பித்திருந்தது.

“மறுநாள் ரெண்டு பேர் வந்தாங்க. மழைக்கோட்டு. எங்க சமையல்கட்டுல உக்காந்து அப்பாவைக் கேட்டாங்க, ‘சகோதர நாட்டைச் சிரிப்பா சிரிக்க வைக்க உனக்கு யார் சொல்லிக்குடுத்தா?’ அவர் சொன்னது எதையும் அவங்க எழுதிக்கவே இல்லை. எழுதிக்கலைன்னா விசாரணை இல்லை, முடிவு பண்ணியாச்சுன்னு அர்த்தம். அப்பா ராத்திரியெல்லாம் கம்பளிச் சாக்ஸைத் தேடிக்கிட்டிருந்தாரு. அரசியல் கைதிங்களை அடைக்கிற தீவுச் சிறையில குளிரும்னு யாரோ சொல்லியிருந்தாங்க.”

ரெஃபிக் தரையைப் பார்த்தார். எழுதிக்கொள்ளாத விசாரணைகளைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அப்புறம் மேலிடத்துல ஆட்டத்தையே இல்லைன்னு ஆக்கிட்டாங்களா?”

“மேலிடமா?” லுத்மிலா முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். “அவங்களுக்கு ஏது அவ்வளவு மூளை? வின்கோதான்.”

மழை தகரத்தில் ஓங்கி விழுந்தது. ரெஃபிக்குக்கு ஒரு கணம் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம் வந்தது.

“அப்ப நாங்க ரெண்டு பேரும் பழகிக்கிட்டிருந்தோம். அவன் நேரா ஹோட்டலுக்குப் போய், ஆட்டத்தை நடத்த வந்த அதிகாரியைப் பார்த்தான். ‘இது பயிற்சி ஆட்டம்னு எழுதிடுங்க. பயிற்சி ஆட்டத்துக்குக் கீதமே கிடையாது. இல்லாத கீதத்தை யார் அவமானப்படுத்த முடியும்?’னு கேட்டிருக்கான். அதிகாரிக்கும் தன் தலை தப்பினாப் போதும். விருந்தாளிங்க தோத்துப் போயிருந்தாங்க. தோத்த ஆட்டம் இல்லாமப் போனா அவங்களுக்கு என்ன கஷ்டம்? சரின்னுட்டாங்க. அப்பா தப்பிச்சாரு. வின்கோவுக்கு அதுதான் முதல் ஆட்டம். அதுக்கப்புறம் அவனை யாரும் கூப்பிடலை.” அவள் குரல் தணிந்தது. “போலந்துங்கிற வார்த்தை உன் வாயில வரவே கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். இவ்வளவு நாள் ஆட்டத்தைப் பத்தியே பேசாம இருந்தான். வாத்தியாரு பட்டியலை அச்சுக்குக் குடுக்கப் போறாருன்னு கேள்விப்பட்டதுலேருந்துதான் இப்படி. அப்பவும் சத்தியத்தை மட்டும் விடலை பாருங்க.”

“இன்னிக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்கம்மா.”

“தெரியும்.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்கப்பா போயாச்சு. அந்த மழைக்கோட்டுக்காரங்க போயாச்சு. நாடே போயாச்சு. இனிமே கேக்க வர்றதுக்கு யாரும் இல்லை.”

“நீங்க வந்திருக்கீங்களே,” என்றாள் லுத்மிலா.

அவர் அணைந்துகொண்டிருந்த அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

டாக்டர் இளவயதுக்காரி. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பின்னால் புதிமிர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. தின்கா சுவரோடு ஒட்டி நின்றாள். ஸெங்கா ரெஃபிக்கின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை.

“பெரியவரே, ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்,” என்றாள் டாக்டர். “நீங்க தேசிய அணிக்கு ஆடினீங்களா?”

“டாக்டர்,” என்று கதவருகிலிருந்து குரல் வந்தது. லுத்மிலா. கை முழுக்கக் கரி. “அன்னிக்கு எங்கப்பா... பேண்டு வாசிச்சது எங்கப்பா. அந்த வெள்ளைச் சட்டைக்காரங்க...”

“லுதா, பேசாதே!”

வின்கோ எழுந்து நின்றிருந்தார். அந்த வயதில் அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. அவர் மனைவியையே பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கையால் நீலச் சட்டையைப் பிடித்து, சிரமப்பட்டுத் தலை வழியாகக் கழற்றினார். கழுத்தில் மாட்டிக்கொண்டது. தின்கா உதவிக்கு வந்தாள், விலக்கிவிட்டார்.

“நான் ஆடலை,” என்றார். “கிழவனுக்கு ஒரு ஆசை. சொன்னதெல்லாம் பொய். பொய்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கம்மா.”

டாக்டர் பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. “பொய்னு தெரிஞ்சு சொன்னா அது நோய் இல்லை,” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். குடையை எடுத்துக்கொண்டாள். எல்லாம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

தின்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“ஜெயிச்சுட்டோமா பாஸ்?” என்று ஸெங்கா மெல்லக் கேட்டாள். ஒரு மனிதன் தன்னிடம் இருந்த ஒரே ஆட்டத்தை இரண்டாவது முறையாக விட்டுக்கொடுத்ததை ரெஃபிக் இப்போதுதான் பார்த்தார்.

வின்கோ சட்டையை மடித்துப் புதிமிரிடம் நீட்டினார். “பெட்டியில வச்சிடுங்க வாத்தியாரே. கண்ணாடி நான் போட்டுத் தர்றேன்.”

புதிமிர் வாங்கப் போனார். ரெஃபிக் அவர் அருகில் வந்து நின்றார்.

“வாத்தியாரே, அந்த வெள்ளைச் சட்டைக்காரங்க பாடினதை ஒரு தடவை பாடிக் காட்டுங்க. அவங்க பாடின வேகத்துல.”

“இப்பவா? எதுக்கு?”

“சும்மா.”

புதிமிர் குழப்பத்தோடு வாய்க்குள் முணுமுணுத்தார். வேகமாக. இன்னும் வேகமாக. இரண்டாவது அடியிலேயே குரல் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். வின்கோவைப் பார்த்தார், கதவருகே நின்ற பாவ்லிக் மாஸ்டரின் மகளைப் பார்த்தார்.

“நானே பார்த்தேன்,” என்றார். “நானேதான் பார்த்தேன். நானே சிரிச்சேன்.”

“ஆட்டம் நடக்கலை வாத்தியாரே,” என்றார் வின்கோ அவசரமாக. “இப்பதானே சொன்னேன். அதை விடுங்க. அவளுக்குப் பயமா இருக்கு.”

“நீங்க சொன்னதை டாக்டர் எழுதிக்கிட்டாங்க. அது அவங்க காகிதம்.” புதிமிர் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். கோட்டுப் பையில் பேனாவைத் தேடினார். “ஆட்டம் உங்க சொத்து இல்லை வின்கோ, வேண்டாம்னு தூக்கிப் போடறதுக்கு. நடந்தது நடந்ததுதான். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நீங்க யாருக்குப் பதிலா இறங்கினீங்க?”

வின்கோ தலையைக் குனிந்துகொண்டார். மடித்த சட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. ஐம்பது வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஆடினாயா இல்லையா என்றுதான் கேட்டார்கள்.

லுத்மிலா உள்ளே வந்தாள். கரி படிந்த கையை அவர் தோளில் வைத்தாள். கம்பளிச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

“கேக்கறாரில்ல,” என்றாள். “சொல்லேன்.”

வின்கோ சட்டையின் மடிப்பை விரலால் தடவினார்.

“மியோவுக்கு,” என்றார். “மியோவுக்கு முட்டியில அடி. நொண்டிக்கிட்டே வந்தான். மழை. என் கன்னத்துல தட்டி, ‘போடா, எல்லாத்தையும் நான் ஓடி முடிச்சுட்டேன், நீ சும்மா நின்னாப் போதும்’னான்...”

புதிமிர் எழுதினார்.